ஆள் வரும் நாளில் மட்டும் திறந்த சன்னல்

1

சென்ற வாரம் மெல்பர்னில் எங்கள் பகுதித் தமிழர்களின் வாட்ஸப் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டார். சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, காற்று வருவதற்காக விட்டிருக்கும் துளைப்பலகை. அதன் மேல் பார்சலில் வரும் குமிழித்தாளை வைத்து நான்கு பக்கமும் பழுப்பு டேப் ஒட்டியிருந்தார். ‘குளிர்காலத்துக்கு வீடு ரெடி’ என்று கீழே ஒரு வரி. பாராட்டுக் கட்டைவிரல் குறிகள் வரிசையாக விழுந்தன. எந்தக் கடை டேப், உரிக்கும்போது பெயின்ட் வருமா என்று ஒருவர் சந்தேகம் கேட்டிருந்தார்.

நான் பதில் எழுதத் தொடங்கினேன். எண் போட்டு எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்று என் கணவர் பிரபு சொல்வார். அது உண்மைதான். அவ்வளவு நீளத்தைக் குழுவில் யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். ஊரிலிருந்து அம்மாவையோ அப்பாவையோ இந்த நாட்டுக்குக் குளிர்காலத்தில் அனுப்பிவைக்கப்போகிறவர்கள், நீங்களே பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவையுங்கள். நான் தொழிற்சாலைகளில் அளவுக்கருவிகளைப் பராமரிக்கும் இன்ஜினியர். நிதானமாகத்தான் எழுதுவேன். எரிச்சல் இல்லாமல் எழுதுவேன் என்று சொல்ல முடியாது.

2

போன வருடம் வரை நாங்கள் கிளேட்டன் பக்கம் ஒரு பழைய செங்கல் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒட்டி ஒட்டி நிற்கும் மூன்று சிறு வீடுகளில் நடுவில் இருந்தது எங்களுடையது. ஹால் சுவரில் ஒரு காஸ் ஹீட்டர் பதித்திருந்தது. இங்கே அதை ‘வால் ஃபர்னஸ்’ என்பார்கள். பிரபுவின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடும் என் மாமியார், வந்த அன்றே அதற்கு ‘அனப்பொட்டி’ என்று பெயர் வைத்துவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது.

அது வேலை செய்யும் விதத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். தீ எரிவதற்கு வேண்டிய காற்றை அறைக்குள்ளிருந்தே எடுத்துக்கொள்ளும். எரிந்து முடிந்த புகை சூடாக இருப்பதால் தானாக மேலேறி, புகைக்குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். அதைத் தள்ளுவதற்கு மோட்டார் கிடையாது. சூட்டின் பலத்தில்தான் புகை வெளியேறுகிறது. ஆகவே அறைக்குள் வெளிக்காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்காகத்தான் சுவரில் அந்தத் துளைப்பலகைகள். அவற்றை மூடவே கூடாது. ஆனால் ஊரிலிருந்து வந்தவர் கண்ணுக்கு, அப்போது என் கண்ணுக்கும், அவை கொத்தனார் பூச மறந்த ஓட்டைகளாகத்தான் தெரியும். இங்கே குளிர்காலமான ஜூன் மாதத்தில் அந்த ஓட்டை வழியாக இறங்கும் குளிர் நேராகப் பிடரியில் விழும்.

கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் இரண்டு வீடுகளிலும் காலையில் திறக்கும் வாசல் கதவை ராத்திரி படுக்கும்போதுதான் சாத்துவார்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. காஸைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பும் மூக்கை நம்பியதுதான்: நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாதே, சிலிண்டரை மூடு, சன்னலைத் திற. நல்ல பழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் காஸ் சரியாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது, கண்ணை எரிக்காது. அதன் முன்னால் மூக்கு வெறும் மூக்குதான்.

3

அத்தை வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு ஒரு விஷயம் நடந்தது. இங்கே வாடகை வீட்டை ஏஜென்ட் அவ்வப்போது வந்து பார்த்து, படம் எடுத்து, அறிக்கை அனுப்புவார். எங்களுக்கு வந்த அறிக்கையில் சுவர் நன்று, தரை நன்று, தோட்டம் நன்று என்று வரிசையாக எழுதி, கடைசியில் ‘வீட்டில் கடுமையான சமையல் வாடை, தரைவிரிப்பில் ஏறாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

பிரபு அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். “நம்ம வீடு நாறுதுன்னு எழுதியிருக்கான்” என்றார். அலுவலகத்தில் சாம்பார் சாதம் சாப்பிடுவதை நிறுத்தினார். சட்டைகளைப் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கவிட்டார். வீட்டில் ஒரு சட்டம் வந்தது. அடுப்புப் பற்றவைத்தால் மேலே உள்ள எக்ஸாஸ்ட் முழு வேகத்தில் ஓட வேண்டும். குளியலறை எக்ஸாஸ்டும் கூடவே ஓட வேண்டும். சமைத்து முடித்த பிறகும் வெகுநேரம் இரண்டும் ஓட வேண்டும். பக்கத்து வீடுகளுக்கு வாசம் போகக் கூடாது என்பதால் சன்னல்கள் மூடியே இருக்க வேண்டும். குளிர்காலம் வந்ததும் நண்பர் ஒருவர் சொல்லித்தந்தபடி துளைப்பலகைகளுக்குக் குமிழித்தாளும் ஒட்டப்பட்டது.

ஏஜென்ட் வரும் தேதி தெரிந்தால் எல்லாம் தலைகீழாகும். முந்தின நாள் மாலையிலிருந்தே தாளிப்பு கிடையாது. ரசமும் கிடையாது, பிரெட்தான். எல்லாச் சன்னலும் திறக்கப்படும். டேப் ஒட்டியது தெரிந்தால் பெயின்டுக்குக் கேள்வி வரும் என்று பிரபு ஸ்டூலில் ஏறிக் குமிழித்தாளைப் பக்குவமாக உரித்து, கட்டிலுக்கு அடியில் வைப்பார். ஏஜென்ட் போன பிறகு மீண்டும் ஒட்டுவார்.

இந்த வழக்கம் எங்கள் வீட்டில் மட்டும் இருக்கும் என்று நான் நம்பவில்லை.

4

அத்தை பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விறகடுப்புப் புகையில் பல வருடங்கள் நின்றவர். “எனக்குத் தலைவலின்னா எப்படி இருக்கும்னே தெரியாது கண்ணு” என்று ஊரில் பெருமையாகச் சொல்வார். மாமா இறந்த பிறகு அவரை நிரந்தரமாக எங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பிரபுவின் ஆசை. அதற்கு ஒத்திகைபோலத்தான் அந்தப் பயணம். இந்த ஊர் பிடித்தால், பெற்றோர் விசாவுக்கு விண்ணப்பிப்பது என்று இருந்தோம்.

வந்த சில வாரங்களில் குளிர் இறுகியது. பகலில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம். அத்தை ஹாலில் அனப்பொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து மலைப்பூண்டு உரிப்பார், தொடர் பார்ப்பார், இரண்டு வேளைக்கும் சமைப்பார். ஒரு நாள் மாலை நான் வந்தபோது நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்.

“தலை பாரமா இருக்குது கண்ணு. எந்திரிச்சா கிர்ருங்குது. சோத்தப் பாத்தா ஒமட்டுது.”

“குளிர்ம்மா. புதுசுல அப்படித்தான் இருக்கும்” என்றார் பிரபு. “கொஞ்சம் வெளிய நடந்துட்டு வாம்மா. செட் ஆயிரும்.”

“வெளிய போனா நல்லாத்தான்டா இருக்குது. உள்ள வந்தாத்தான் வருது.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்ல முடியும்? இடம், நேரம், அறிகுறி, விலகும் சூழ்நிலை, எல்லாம் அந்த இரண்டு வாக்கியத்தில் இருந்தன. ஆனால் பிரபுவின் காதில் அது வேறாக விழுந்தது. “அப்ப எங்க வீட்டுல இருக்கத்தான் புடிக்கலையாம்மா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

டாக்டரிடம் போனோம். ரத்த அழுத்தம் பார்த்தார். தண்ணீர் போதவில்லை, தூக்கம் மாறியிருக்கிறது, கண்ணாடியின் பவர் பார்க்க வேண்டும் என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். வெளியே வரும்போது அவர் என்னிடம் தனியாக, வயதானவர்களுக்கு ஊரை விட்டு வரும் ஏக்கம் உடம்பு வலியாக வெளிப்படுவது உண்டு என்று கனிவாகச் சொன்னார். பிரபுவுக்கு அது போதுமானதாக இருந்தது.

5

எனக்குப் போதவில்லை. சாத்தியமான காரணங்களைத் தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போவது என் வழக்கம். மூன்றாவதாக ‘ஹீட்டர்’ என்று இருந்தது.

இந்த மாநிலத்தில் வாடகை வீட்டின் காஸ் சாதனங்களை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை உரிமம் பெற்ற ஃபிட்டர் சோதிக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் கேட்டால் அந்தச் சோதனையின் நகலைத் தர வேண்டும். கேட்டேன். உரிமையாளர் தேடிக்கொண்டிருக்கிறார் என்று பதில் வந்தது. மறுபடி கேட்டேன். ஆன்லைனில் பழுது விண்ணப்பம் போடச் சொன்னார்கள். அதில் ‘ஹீட்டர் சூடு தருகிறதா?’ என்று ஒரு கேள்வி. ‘ஆம்’ என்று அழுத்தினால் ‘அவசரமற்றது’ என்ற வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சூடு தருகிறது, ஆனால் ஆபத்தாகத் தருகிறதோ என்று சந்தேகம் என்று சொல்வதற்கு அங்கே இடமே இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் ஆன்லைனில் போடச் சொல்வார்கள். ஆன்லைனில் போட்டால் தொலைபேசியில் கூப்பிடுவதாகச் சொல்வார்கள்.

கடைசியில் ஒரு ஃபிட்டர் வருவதாகத் தகவல் வந்தது. நான் அன்று அரை நாள் விடுப்பு எடுத்தேன். வீட்டுக்கு வந்தால் எல்லாச் சன்னலும் திறந்திருந்தன. அடுப்பில் சமையல் எதுவும் இல்லை. இரண்டு எக்ஸாஸ்டும் ஓய்ந்திருந்தன. பிரபு காலையிலேயே குமிழித்தாளை உரித்துவிட்டுப் போயிருந்தார். அத்தை பட்டுக்கரைச் சேலை கட்டி, இஞ்சி டீக்குத் தண்ணீர் வைத்துத் தயாராக இருந்தார். ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்கு வருகிறார் அல்லவா.

ஃபிட்டர் நல்லவர்தான், அவசரக்காரர். ஹீட்டரைப் பற்றவைத்தார், கண்ணாடி வழியாகத் தீயைப் பார்த்தார், அறையில் வாயு அளக்கும் கருவியைக் காட்டினார். பூஜ்யம். கதவு சன்னலைச் சாத்தவில்லை, எக்ஸாஸ்டைப் போடச் சொல்லவில்லை, முன்மூடியைக் கழற்றவில்லை. டீ குடித்தார், அருமை என்றார், போய்விட்டார். மறுநாள் ‘சோதனையில் தேறியது’ என்று சான்று வந்தது.

நான் மூன்றாவது வரியை அடித்தேன்.

6

அதன் பிறகு எங்கள் வீட்டில் ‘டிக்கெட்’ என்ற சொல் புழங்க ஆரம்பித்தது. அத்தை நெற்றியைப் பிடித்தால் பிரபு, “முடியலீன்னா சொல்லும்மா, டிக்கெட்ட முன்னாடி மாத்திரலாம்” என்பார். கோபமாக இல்லை, உண்மையான அக்கறையோடுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் சொன்னார். கொஞ்ச நாளில் அத்தை தலைவலி என்பதையே நிறுத்திவிட்டார். கேட்டால், “இல்ல கண்ணு, நல்லாருக்கறேன்” என்பார். பழகிவிட்டது என்று பிரபு மகிழ்ந்தார். விசாவுக்கான காகிதங்களைச் சேர்க்கத் தொடங்கினார்.

பக்கத்து வீட்டில் வசந்தி அக்கா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அத்தை பகலில் அவர் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவார். ஒரு சனிக்கிழமை நான் துணி உலர்த்தும்போது அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

“பிள்ளை, ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக் கூடாது.”

“கேளுங்கக்கா.”

“உன்ர மாமிக்கு என்ர வீட்டிலை இருக்கேக்கை தலையிடி இல்லை. உங்கட வீட்டுக்குள்ளை போனாத்தான் வருது. மகன்ர முகத்தைப் பாத்து வாற தலையிடியோ எண்டு நான் பகிடிக்குக் கேட்டனான். மனுசி சிரிக்கேல்லை.”

“இப்பல்லாம் அத்தைக்குத் தலைவலி இல்லையேக்கா.”

“ஓம், உனக்கு இல்லை. எனக்கு இருக்குது. என்னட்டைத்தானே தலையிடிக்குக் குளிசை வாங்கிப் போடுறவ. சொல்லாதை எண்டு கையைப் பிடிச்சுக் கேட்டவ. நான் உன்னட்டைச் சொல்லிப்போட்டன்.” ஈரச் சட்டை ஒன்றை வேலிக்கு மேலாக என் கையிலிருந்து வாங்கி, வேலியோரக் கொடியில் அவரே போட்டார். “டிக்கெட்டை மாத்திப்போடுவியள் எண்டு பயம் அவவுக்கு. பிடிக்காத இடத்தை விட்டுப் போறதுக்குப் பயப்பிடுகினமே? நீ படிச்ச பிள்ளை, யோசி.”

7

யோசித்தேன். ஆனால் விடை யோசனையில் வரவில்லை. அடுத்த வாரம் ஏஜென்ட் வருவதாக அறிவிப்பு வந்தது. முந்தின நாள் மாலை அத்தை வழக்கம்போல் ஒவ்வொரு சன்னலாகத் திறந்துகொண்டு வந்தார். பிரபு ஸ்டூலில் நின்று டேப்பை உரித்துக்கொண்டிருந்தார். நான் கையில் பிரெட் பாக்கெட்டோடு ஹால் நடுவில் நின்று அவர்களைப் பார்த்தேன்.

யாராவது சோதிக்க வரும் நாளில்தான் எங்கள் வீடு பாதுகாப்பாக இருந்தது. ஃபிட்டர் சோதித்தது நாங்கள் வாழாத ஒரு வீட்டை.

அன்று படுக்கப்போகும் முன் அத்தையிடம் போய் உட்கார்ந்தேன். “வசந்தி அக்கா சொல்லிட்டாங்க அத்தை. எனக்குக் கோபமெல்லாம் இல்லீங்க. இப்பத் தலை எப்படி இருக்குதுங்க?”

“இப்ப இல்ல கண்ணு. நெசமாலுமே இல்ல.”

வேலை செய்யும் இடத்தில் நாங்கள் சட்டையில் மாட்டிக்கொள்ளும் காஸ் கருவி ஒன்றை மேலாளரிடம் கேட்டு எடுத்துவந்தேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் அத்தையை வசந்தி அக்கா வீட்டில் உட்காரவைத்தோம். குமிழித்தாளை மீண்டும் ஒட்டி, சன்னல்களைச் சாத்தி, இரண்டு எக்ஸாஸ்டையும் ஓடவிட்டு, அனப்பொட்டியை முழு வேகத்தில் வைத்தேன். பின்கதவுப் பிடியில் ஒரு கையை வைத்தபடியே நின்றேன். நான் இந்தக் கருவிகளோடு தினமும் பழகுகிறவள் என்பதால் செய்தேன். நீங்கள் செய்யக் கூடாது. தயவுசெய்து ஃபிட்டரைக் கூப்பிடுங்கள்.

முதலில் பூஜ்யமாகவே இருந்தது. பிறகு எண் அசைந்தது. அசைந்தபின் நிற்கவில்லை. கருவி கத்தியதும் ஹீட்டரை அணைத்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

பிரபு படியில் உட்கார்ந்திருந்தார். எண்ணைக் காட்டினேன்.

“மெஷின் சரியாத்தான் இருக்குதா?”

“நானே கேலிபரேட் பண்ணது, பிரபு.”

அவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எல்லாம் நான் ஒட்டுனது” என்றார். எக்ஸாஸ்ட் இரண்டும் அறைக் காற்றை வெளியே இழுக்கின்றன. ஈடுசெய்ய உள்ளே வர வழியில்லை. மிச்சமிருக்கும் ஒரே திறப்பு புகைக்குழாய்தான். அதன் வழியாக வெளிக்காற்று கீழே இறங்குகிறது, மேலே போக வேண்டிய புகையையும் கூட்டிக்கொண்டு. அதற்கு எதிரே நாற்காலி போட்டு ஒரு மனிதர் பூண்டு உரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவசர எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஏஜென்சியின் அவசர எண். காஸ் நாற்றம் வருகிறதா என்று கேட்டார்கள். வராது, இந்த வாயுவுக்கு மணம் கிடையாது என்றேன். நாற்றம் இல்லையென்றால் கசிவு இல்லை என்றார்கள். கசிவு என்று நான் சொல்லவே இல்லை என்றேன். போன மாதம்தான் தேறியது என்று கோப்பில் இருக்கிறது என்றார்கள். எண் ஏறியதைப் போனில் எடுத்திருந்த காணொளியை அனுப்பினேன். அது உரிமம் பெற்றவர் எடுத்த அளவு அல்ல என்று பதில் வந்தது. என் ஆங்கிலத்தில் குறை இல்லை. குரலை உயர்த்தவும் இல்லை. உயர்த்தாததால்தான் அவசரம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லையோ என்று இன்றும் நினைக்கிறேன். கடைசியில் வசந்தி அக்கா போனை வாங்கி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “வயசான மனுசி ஒண்டு செத்தால் உங்கட பேரைத்தான் எழுதிக் குடுப்பன், பேரைச் சொல்லுங்கோ” என்பதன் சாரத்தைச் சொன்னார். ஃபிட்டர் மறுநாள் வருவதாக உறுதி கிடைத்தது.

8

இந்த முறை வந்தவர் ஒரு பெண். நான் வீட்டில் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: எதையும் திறக்கக் கூடாது, எதையும் உரிக்கக் கூடாது, தினமும் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும்.

“ஒரு ஆளு வர்ற ஊட்ட இப்படியா வெக்கறது?” அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது. “நேத்து வெச்ச கருவாட்டுக் கொழம்பு வாசம் இன்னும் போகலியே.”

“போக வேண்டாங்க அத்தை.”

ஃபிட்டர் நான் சொன்னதைக் கேட்டார், குமிழித்தாளைப் பார்த்தார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வழக்கமாக எப்படிச் சமைப்பீர்களோ அப்படியே சமைக்கச் சொல்லுங்கள் என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

“வெள்ளக்காரி முன்னால மொளகா தாளிக்கறதா? நீ என்ன கண்ணு சொல்ற?”

“ஆமாங்க. நல்லா தாளிங்க.”

எண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்தது. வரமிளகாய் கருகியதும் ஃபிட்டர் இருமத் தொடங்கினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், கருவியை மட்டும் கீழே வைக்கவில்லை. பிறகு ஒரு சிறு குழலிலிருந்து வெண்புகையை ஹீட்டரின் மேல்பக்கத்தில் விட்டார். அது உள்ளே இழுபட்டுப் போக வேண்டும். போகவில்லை. சுருண்டு திரும்பி, எங்களை நோக்கி வந்தது.

கரண்டியோடு எட்டிப் பார்த்த அத்தை, “பொக இந்தப் பக்கமல்ல வருது” என்றார். சத்துணவுக் கூடத்தில் புகைபோக்கி பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

முன்மூடியைக் கழற்றினால் பர்னர் முழுக்கத் தரைவிரிப்பின் பஞ்சும் தூசியும். அதனால் தீ அரைகுறையாக எரிந்து நச்சுவாயுவை உண்டாக்கியிருக்கிறது. மூடிய வீடு அதை உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது. ஃபிட்டர் வால்வை மூடி, இனி பற்றவைக்கக் கூடாது என்ற சிவப்பு அட்டையைக் கட்டினார்.

குழுவில் நான் எழுத நினைத்த பதில் இதுதான்.

ஒன்று, மே மாதத்துக்குள் சர்வீஸ் செய்யச் சொல்லுங்கள். காஸ் ஹீட்டர் பராமரிப்புக்கான உரிமம் உள்ளவர்தான் செய்ய வேண்டும், கைவேலை தெரிந்த நண்பர் அல்ல. ‘கார்பன் மோனாக்சைடு சோதனையும் செய்வீர்களா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இரண்டு, சோதனையின்போது கதவு சன்னல் சாத்தியிருக்க வேண்டும், எல்லா எக்ஸாஸ்டும் ஓட வேண்டும். அவர் மறந்தால் நீங்கள் போடுங்கள். வீட்டைச் சுத்தம் செய்துவைக்காதீர்கள்.

மூன்று, சுவர்த் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். குளிராக இருந்தால் ஸ்வெட்டர் போடுங்கள்.

நான்கு, புகைக்குழாய் உள்ள ஹீட்டர் எரியும்போது எக்ஸாஸ்ட் ஓட வேண்டுமென்றால் சன்னலைத் திறந்துவையுங்கள், அல்லது சமைத்து முடிக்கும்வரை ஹீட்டரை அணையுங்கள். சிட்னியில் பல வீடுகளில் புகைக்குழாயே இல்லாத, தூக்கி வைக்கும் காஸ் ஹீட்டர்கள் உண்டு. அவற்றுக்குத் திறந்த சன்னல் கட்டாயம். தோட்டத்தில் வைக்கும் கரி அடுப்பையும் வெளிப்புற ஹீட்டரையும் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

ஐந்து, தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாகத் தெரிந்தாலோ, சுற்றிலும் கரி படிந்தாலோ அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள். ஆனால் அலாரம் இருக்கிறதே என்று சர்வீஸை விடாதீர்கள்.

ஆறு, தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் வீட்டுக்குள் வந்து வெளியே போனால் விலகுகிறது என்றால், எல்லோரும் உடனே வெளியே வந்துவிடுங்கள். டாக்டரிடம் ‘வீட்டில் காஸ் ஹீட்டர் எரிகிறது’ என்று சொல்லுங்கள். எங்கள் டாக்டரிடம் நாங்கள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஏழு, ஊரில் இருப்பவர்களுக்கு: குளியலறைக்குள் காஸ் கெய்சர் வைத்து, கதவைச் சாத்திக் குளிப்பதும் இதே கதைதான்.

9

புது ஹீட்டர் வருவதற்கு வீட்டு உரிமையாளர் நாள் கடத்தினார். அதுவரை வசந்தி அக்கா கொடுத்த சின்ன எலக்ட்ரிக் ஹீட்டர்தான். அத்தையின் தலைவலி விலகியது. சாப்பாடு இறங்கியது. பிரபுவின் பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கையை மடித்துவிட்டு, வேலியோரம் நின்று வசந்தி அக்காவோடு நெடுநேரம் பேசினார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் மூவரும் அந்தச் சின்ன ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பிரபு பல நாளாகத் தேடிக்கொண்டிருந்த வார்த்தை அன்று வாய்த்துவிட்டதுபோல முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“இப்பத்தான் எல்லாம் சரியாயிருச்சே. இனி நீ தைரியமா இரும்மா. போகோணும்னு நெனைக்காத.”

அத்தை உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சை நிறுத்தினார்.

“நான் எப்படா போறேன்னு சொன்னேன்?”

“இல்லம்மா, அப்பல்லாம் தலைவலி தலைவலின்னு…”

“தலைவலின்னுதான் சொன்னேன். போறேன்னு சொன்னது நீ.” குரலில் கோபம் இல்லை. ஒரு சுளையைப் பிய்த்து என்னிடம் கொடுத்தார், ஒன்றைப் பிரபுவிடம் நீட்டினார். “அது காஸுன்னு எனக்கென்ன தெரியும்? சீக்குன்னுதான் நெனச்சேன். வந்தா வருது, அதோடயே இங்கயே இருந்துக்கலாம்னுதான் இருந்தேன்.”